லோகோவுக்கு ஓவியர் வேண்டாம், புள்ளி போதும்

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 'பாலைச்சுரம்' என்று ஒரு ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு) எழுதியிருக்கிறோம். வழிப்போக்கர்கள், ஆறலைகள்வர்கள் (வழிப்பறிக்காரர்கள்), பகடை என விதிகள் தயார். லோகோவில் வாள், கழுகு, மண்டை ஓடு, சூரியன் எல்லாம் சேர்த்துப் பார்த்தும் எடுபடவில்லை. எங்களில் யாருக்கும் படம் வரைய வராது. புத்தகத்தின் தோற்றத்தை எப்படி அமைப்பது?

பதில்: அந்த நாலில் மூன்றைத் தூக்கிவிடுங்கள். சூரியன் மட்டும் இருக்கட்டும். பாலைக்கு வேனிலும் நண்பகலும்தானே பொழுது.

இதே வகை விளையாட்டான, 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இப்போதைய லோகோவைப் பாருங்கள். பெயரின் நடுவே வரும் 'அண்ட்' குறியே (&) டிராகனாக வளைந்திருக்கும். தனியாகப் படம் ஒட்டவில்லை. உங்கள் பெயரில் அந்த வேலைக்கென்றே 'ம்' உட்கார்ந்திருக்கிறது. அதன் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். வெயில் வந்துவிடும். 'ச்' புள்ளியைத் தொடாதீர்கள், வானத்தில் இரண்டு சூரியன் ஆகிவிடும்!

முதலில் கறுப்பில் மட்டும் செய்யுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்செடுத்துப் பாருங்கள். மெல்லிய எழுத்துருவில் 'ச்' புள்ளி காணாமல் போய் 'பாலைசசுரம்' என்று நிற்கும். 'லை'யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தமிழ் லோகோக்கள் பாதி இங்கேதான் சறுக்குகின்றன. தடித்த எழுத்தாக, சுழிகள் திறந்திருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். கேட்டமரன், பலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றிய பிறகு புள்ளியை நகர்த்துங்கள். அடோபி மென்பொருள் என்றால் தெற்காசிய மொழிகளுக்கான உரை அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும்.

நிறம் இரண்டே போதும்: கறுப்பும் காவி மஞ்சளும். பழைய ஓலை மாதிரிப் பின்னணி வேண்டவே வேண்டாம். வீட்டு பிரிண்டரில் மையைக் குடிக்கும், எழுத்தும் தெரியாது. உள்பக்கங்களில் எழுத்தின் அளவு 11 பாயின்ட் என்றால் வரி இடைவெளி 16 பாயின்டாவது வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியில் மேல்வரி 'கூ'வும் கீழ்வரி 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

அட்டையைவிட அதிகம் கைபடுவது கேரக்டர் ஷீட், அதாவது ஆடுபவர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதி வைக்கும் தாள்தான், அதை முதலில் வடிவமைப்பது என் வழக்கம். ஏ4 தாளில் கட்டங்களுக்குள் சாம்பல் நிறம் பூசாமல் வெறுமையாக விடுங்கள். பென்சிலில் எழுதி அழிக்க வேண்டுமே. 'உயிர்', 'தண்ணீர்' போல அடிக்கடி மாறும் எண்களுக்குத் தாளின் ஓரத்தில் இடம் கொடுங்கள். நாலு பிரதி எடுத்து ஒரு ராத்திரி விளையாடுங்கள். எந்தக் கட்டம் ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் கறுத்திருக்கிறதோ, அதை மறுநாள் பெரிதாக்குங்கள்.