மச்சான் மிச்சம் பிடித்த 500 வெள்ளி

கேள்வி: பினாங்கு, பிறை பட்டணத்தில் சொந்த லோரி ஓட்டுகிறேன். விற்றால் 80,000 வெள்ளி (ரிங்கிட்) போகும். பேங்க் கடன் 62,000 பாக்கி. ஏஜெண்டாக இருக்கும் மச்சான்தான் வருஷாவருஷம் காப்புறுதியைப் புதுப்பித்துத் தருகிறார். காருக்கு 55 விழுக்காடு என்.சி.டி. (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கிடைக்கிறது, லோரிக்கு 25-க்கு மேல் ஏறவில்லை. கேட்டால், ‘லோரி மதிப்பை 50,000 என்று போட்டு வருஷம் 500 வெள்ளி மிச்சம் பிடித்தேனே’ என்கிறார். மாதம் 200 கட்டி முதலீட்டுப் பாலிசி ஒன்றும் எடுக்கச் சொல்கிறார். மறுத்தால் வீட்டில் சண்டை. என்ன செய்வது?

பதில்: என்.சி.டி. விஷயத்தில் மச்சான்மேல் பழி இல்லை. வணிக வாகனத்துக்கு வருஷத்துக்கு வருஷம் 15, 20, 25 விழுக்காடு, அதோடு சரி. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது அந்த 50,000-ஐ.

எங்காவது மோதி 16,000 வெள்ளிக்கு வேலை வைத்தால் கம்பெனி முழுசாகத் தராது. 80,000 பெறும் லோரியை 50,000-க்குத்தான் காப்புறுதி செய்திருப்பதால், எண்பதுக்கு ஐம்பது என்ற கணக்கில் 10,000 தரும். மீதி 6,000 உங்கள் தலையில். மச்சானின் 12 வருஷ மிச்சம் ஒரே விபத்தில் போயிற்று. லோரி களவு போனால் இன்னும் மோசம். வருகிற 50,000 நேராகப் பேங்குக்குப் போய்விடும். 12,000 கடன் அப்படியே நிற்கும், கட்டுவதற்குச் சம்பாதிக்க லோரி இருக்காது.

புதுப்பிக்கும் தேதிவரை காத்திருக்காதீர்கள். கூடுதல் பிரீமியம் கட்டி நடுவிலேயே தொகையை உயர்த்தலாம். வெள்ளத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள்; முழுக் காப்புறுதியில் அது தானாக வராது. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியது உங்களுக்குத் தெரியாததா? ஏற்றும் சரக்குக்கும் பாலிசி தனி.

அடிபட்டுப் படுத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று மச்சான் சொன்னாரா? சொந்தமாக லோரி ஓட்டுபவர்களுக்குச் சொக்சோவில் (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டம் இருக்கிறது. அதன் அடிமட்டச் சந்தா, அவர் கேட்கும் 200-ல் சிறு பங்குதான். முதலில் அதைக் கட்டுங்கள். முதலீட்டுப் பாலிசி இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. முதல் சில வருஷம் கட்டுவதில் நல்ல பங்கு கமிஷனுக்கும் கட்டணத்துக்கும் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. கடனில் லோரி ஓடுகிறவரைக்கும் அது வேண்டாம்.

சண்டை எதற்கு? புதுப்பிக்கும் வேலை மச்சானிடமே இருக்கட்டும். பிரீமியம் ஏறினால் அவர் கமிஷனும் ஏறும், கோபித்துக்கொள்ள மாட்டார். தொகையை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். கவர் நோட்டில் (காப்புறுதி எடுத்ததற்கான சீட்டு) ‘காப்புறுதித் தொகை’ கட்டத்தில் 80,000 இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.