மைய அரசும் உள்ளாட்சியும் மோதினால்: மத்தியஸ்தம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மத்தியஸ்தர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்வாரா?

பதில்: மாட்டார். அது ஆர்பிட்ரேஷன். இவர் பேச வைப்பார், முடிவு உங்களுடையது.

கேள்வி: நேரே நீதிமன்றம் போனால் என்ன?

பதில்: தென்னாப்பிரிக்காவில் அப்படிப் போக முடியாது. அங்கே 1996 அரசியலமைப்பின் 41ஆம் பிரிவுப்படி, அரசு அமைப்புகள் மற்ற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். முயலாமல் வந்தால் நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம். 2005இல் வந்த சட்டம் நடைமுறையைச் சொல்கிறது: முறைப்படி தகராறை அறிவிக்க வேண்டும், உடனே கூடி எது பிணக்கு என்று வரையறுக்க வேண்டும், பேச்சை நடத்த ஒருவரை அமர்த்த வேண்டும். இரு தரப்பு வக்கீல் ஃபீஸும் மக்கள் பணம்தானே. தீர்ப்புக்கு மறுநாளும் அதே இருவர்தான் அதே குடிநீர்த் திட்டத்தை நடத்தியாக வேண்டும்.

நான் எப்போதும் சொல்வது ஒன்று: வருகிறவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் உண்டா? நான் இருந்த ஒரு மானிய நிலுவைப் பேச்சில், மைய அரசு அதிகாரி ஒவ்வொரு தொகைக்கும் கைப்பேசியோடு தாழ்வாரத்துக்குப் போனார். மாலையில் கணக்கு ஒத்துவந்தது. "மேலே கேட்க வேண்டும்" என்று ஃபைலை மூடிவிட்டார். நகராட்சியிலும் இதே கதைதான். தலைவர் ஒப்புக்கொண்டாலும் மன்றத் தீர்மானம் வேண்டியிருக்கும்.

கேள்வி: மக்கள் பணத்தை மூடிய அறையில் பேசுவது சரியா?

பதில்: பேச்சு ரகசியம், உடன்பாடு பகிரங்கம். நான் சொன்ன 2005 சட்டமும் பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க விடுவதில்லை. இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதே நபர்: அப்போது நகராட்சி எதை விட்டுக்கொடுத்தது என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, ஏன் இறங்கினோம் என்று ஒரு பக்கம் எழுதி மன்றத்தில் வைக்கட்டும். யார் எந்த நேரத்தில் குரலை உயர்த்தினார் என்பது யாருக்கும் வேண்டாம்.

மூன்றாமவர்: ஒரு பக்கம் போதாது, முழுக் குறிப்பும் வேண்டும்.

பதில்: முழுக் குறிப்பு எழுதப்படுகிறது என்று தெரிந்தால் அறைக்குள் மேடைப் பேச்சுதான் நடக்கும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேள்வி: பணத்தைக் கையில் வைத்திருப்பவரோடு சிறிய நகராட்சி சமமாகப் பேச முடியுமா?

பதில்: கஷ்டம். பேச்சு முடியும்வரை மானியத்தை நிறுத்த மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: இந்த அதிகாரம் எங்களுடையதா, மைய அரசினுடையதா? மத்தியஸ்தரிடம் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். சட்டம் தராத அதிகாரத்தை இருவர் சம்மதித்து உண்டாக்க முடியாது. அது நீதிமன்றத்தின் வேலை.

கேள்வி: மத்தியஸ்தர் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பாரா?

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் உடன்பாடு தயார். அமைச்சகத்திலிருந்து வந்தவர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றிருக்கிறார். அடுத்து என்ன செய்ய?

பதில்: யாரைப் பார்த்து என்று கேட்டீர்களா?