மருந்துக் கடைக்குப் போகும் முன் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள்: நெல் கேள்வி பதில்

டெல்டாவில் 30 வருடம் உதவி வேளாண்மை அலுவலராக வயல் வரப்பில் நடந்தவன் நான். சம்பாப் பயிர் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்து படுக்கிறது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் அடங்கவில்லை. (மன்னார்குடி)

பதில்: தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியாகத்தான் இருக்கும் தம்பி. தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள், பழுப்புப் பூச்சி அப்பிக் கிடக்கும். அடித்த மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லையே! டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி என்றால் அதுவே வினை. புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப் புகையான் பெருகும். ஒரு தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி என்றாலே கவனிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இப்போதைக்குத் தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். அடித்தது எது என்று தெரிந்தால்தான் அடுத்து எது என்று அவரால் சொல்ல முடியும். அடுத்த நடவில் 8 அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள்.

கேள்வி: இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வருகிறது. பூச்சி மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, காய்ந்ததும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டிப் போடுங்கள். வெட்டுவாயில் பால்போல் கசிந்தால் பாக்டீரியா இலைக்கருகல். பூச்சி மருந்து அதை ஒன்றும் செய்யாது, காசுதான் போகும். 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளிக்கலாம். அந்த வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விடாதீர்கள்.

கேள்வி: அலுவலரைக் கூப்பிட்டால் வருவதே இல்லை. நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஓர் அலுவலருக்குப் பல கிராமம் என்பதும் நிஜம். தனியாகக் கூப்பிடாமல் ஒரே வாய்க்காலில் பாயும் நாலைந்து பேர் சேர்ந்து கூப்பிடுங்கள். ஒரு நடையில் எல்லா வயலையும் பார்த்துவிடுவார். வர முடியாவிட்டால் பயிரை அவரிடம் கொண்டு போங்கள். முழுக்கச் செத்த பயிர் உதவாது. பாதிப்பு பரவும் ஓரத்தில் பாதி பச்சையாக இருக்கும் குத்தை வேரும் மண்ணுமாகப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வெந்து அழுகிவிடும். ரகம், நட்ட தேதி, போட்ட உரம், அடித்த மருந்து நான்கையும் தாளில் எழுதுங்கள். மஞ்சளாகிற பயிருக்குத் துங்ரோ என்ற வைரஸ் நோயும் காரணமாகலாம், துத்தநாகக் குறையும் காரணமாகலாம். அந்தத் தாள் இல்லாமல் எந்த அலுவலரும் ஊகம்தான் சொல்வார். வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் போகலாம். அவசரத்துக்கு உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: வயல்வெளிப் பள்ளிக்குப் பெண்கள் வரலாமா?

பதில்: கட்டாயம் வாருங்கள் அம்மா. களை எடுக்கும்போது முதலில் குருத்து காய்வதைப் பார்ப்பது நீங்கள்தானே! இந்தோனேசியாவில் புகையான் நெல்லை அழித்தபோது, 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989-இல் விவசாயிகளை வயலில் இறக்கி வாராவாரம் பூச்சியையும் சிலந்தியையும் எண்ண வைத்தார்கள். அங்கே பிறந்ததுதான் இந்தப் பள்ளி. உங்கள் வட்டாரத்தில் எப்போது தொடங்கும் என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, நாற்று விடும்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.