நோய்க்கணிப்பு ஏன் தவறுகிறது? ஒரு மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: டயக்னோசிஸ் தப்பானால் அந்த டாக்டருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் மார்க் கிரேபர் குழு இப்படித் தவறிய 100 கேஸ்களை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டது. அறிவுக் குறைவு அதில் அபூர்வம். முதலில் தோன்றிய நோயோடு திருப்தியடைந்து, மேற்கொண்டு யோசிக்காமல் விட்டதுதான் சிந்தனைப் பிழைகளில் முதலிடம். 65 சதவீதத்தில் மருத்துவமனை நடைமுறைக்கும் பங்கு இருந்தது.

கேள்வி: இதைக் குறைக்க நடந்த ஆய்வுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: டெக்சாஸில் ஹர்தீப் சிங் குழு செய்தது. மலத்தில் ரத்தம் இருப்பதாக ஒருவருக்கு ரிசல்ட் வருகிறது. அடுத்து கொலோனாஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். ரிசல்ட் கணினியில் கிடக்கிறது, டாக்டர் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது, நோயாளியோ போன் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார். இவர்கள் ஒரு நிரல் எழுதினார்கள். சந்தேகமான ரிசல்ட் வந்தும் அடுத்த அடி எடுக்கப்படாத நோயாளிகளை அது பதிவேடுகளிலிருந்து சலித்தெடுக்கும். அப்புறம் ஒரு ஆள் படித்து உறுதிசெய்து டாக்டருக்குத் தெரிவிப்பார். 2015-இல் வெளிவந்த முடிவுப்படி, பெருங்குடல் புற்றுநோய் சந்தேகத்தில் அடுத்த பரிசோதனை நடக்க, தகவல் போகாத பிரிவில் பாதிப் பேருக்கு 200 நாள் ஆனது. தகவல் போன பிரிவில் 104 நாள். நுரையீரல் புற்றுநோய் சந்தேகத்திலும் இதையே செய்து பார்த்தார்கள்; அதில் பலன் தெரியவில்லை.

ஆகவே சொல்கிறேன்: போன் வரவில்லை என்றால் நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வீர்களா, மேடம்?

பதில்: முடியாதம்மா. ஆளைப் பார்க்காமல் சொல்வது ஆபத்து. ஸ்கேன் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே காட்டுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். தலைசுற்றலில் பக்கவாதம் தவறவிடப்படுகிறது என்கிறார்களே, எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா?

பதில்: முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.யும் ஏமாற்றலாம். டேவிட் நியூமன்-டோக்கர் இடம்பெற்ற குழு 2009-இல் 101 பேரிடம் கண்ணசைவைச் சோதித்தது. சோதிப்பவரின் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நோயாளியின் தலையைச் சட்டென்று திருப்ப வேண்டும். காது நரம்புக் கோளாறென்றால் பார்வை நழுவி, பிறகு தாவித் திரும்பும். சுற்றல் நிற்காமல் இருக்கும்போதும் பார்வை நழுவாமல் நின்றால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். இதோடு இன்னும் இரண்டு கண் சோதனைகள் உண்டு. பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், சுற்றல் விடாமல் இருப்பவர்களுக்கு மட்டுமே. வீட்டில் வேண்டாம்.

கேள்வி: ஏ.ஐ. வந்தாச்சு, இனி டாக்டர் எதற்கு?

பதில்: 2024-இல் 50 டாக்டர்களிடம் கேஸ்களைக் கொடுத்து நோயைக் கணிக்கச் சொன்ன ஓர் ஆய்வு வந்தது. ஜி.பி.டி-4 என்ற ஏ.ஐ. கையிலிருந்தவர்கள் 76 சதவீத மதிப்பெண், இல்லாதவர்கள் 74. பெரிய வித்தியாசமில்லை.

கேள்வி: அதே ஆய்வில் ஏ.ஐ. மட்டும் தனியாக 90-ஐத் தொட்டதே! அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, அதற்குத்தான் வருகிறேன். அந்தக் கேஸ்கள் ஏற்கனவே எழுதி முடிக்கப்பட்டவை. எப்போது வலித்தது, வயிற்றில் எங்கே அழுத்தினால் நோகிறது என்பதையெல்லாம் கேட்டு, தொட்டு, வரிசைப்படுத்தி வைத்தவர் ஒரு மனிதர். ஓ.பி.யில் பிழை நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே வாசிக்க ஏ.ஐ.யைத் துணைக்கு வைத்த ஸ்வீடன் ஆய்வு?

பதில்: அது நல்ல ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். 80,000-க்கு மேற்பட்ட பெண்கள்; டாக்டர்கள் படம் வாசிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, புற்றுநோயைக் கண்டறிதல் குறையவில்லை. ஆனால் அங்கே கேள்வி ஒன்றே ஒன்று, படமும் கையில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்பவரின் கதை வேறு.

கேள்வி: என் ரத்த டெஸ்ட் ரிசல்ட் அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டாக்டரிடம் என்ன கேட்டால் நல்லது?

பதில்: "வேறு என்னவாக இருக்கலாம்?", "எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்ப வரணும்?" இந்த இரண்டையும் கேளுங்கள். டெஸ்ட் எழுதினால், ரிசல்ட்டை யார், எந்தத் தேதிக்குள் சொல்வார்கள் என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்குங்கள்.