கலண்டர் தாளின் பின்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளவத்தையில் ஒரு நான்காம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. என் மாமி, கணவரின் தாயார், ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறார். நான் வேலைக்குப் போய்வருவதே அவரை நம்பித்தான். வருகிற பெப்ரவரியில் கனடாவில் இருக்கிற மகளிடம் போகிறார். எப்போது திரும்புவாரோ தெரியாது.

போவதற்கு முன் பிள்ளைகளின் கையால் எதையாவது செய்து கொடுக்க ஆசை. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ‘நன்றி மரம்’ படங்களை அனுப்பியிருந்தார். காய்ந்த கிளை ஒன்றைப் போத்தலில் நிறுத்தி, இலை மாதிரி வெட்டிய தாள்களில் நன்றி எழுதித் தொங்கவிடுவது. நாங்களும் செய்தோம். ‘அம்மாவுக்கு நன்றி’, ‘அப்பாவுக்கு நன்றி’, ‘அப்பம்மாவுக்கு நன்றி’, ‘கடவுளுக்கு நன்றி’ என்று எழுதினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கணவர் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ள என்னத்துக்கு நன்றி?” என்று சிரித்தார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரிப் போய்விட்டது.

செலவில்லாமல், வீட்டில் இருப்பதைக் கொண்டு, சின்னப் பிள்ளைகள் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்வீர்களா? அல்லது இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவராத விஷயமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கணவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குள் நன்றி சொல்லி வளர்ந்தவர்கள் அல்ல. காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ‘தேங்ஸ்’ வருகிறது, கடையில் மிச்சக்காசு வாங்கும்போது சிங்களத்தில் ‘ஸ்தூதி’ வருகிறது. சோறு போட்டுத் தந்த அம்மாவிடம் ‘நன்றி’ என்றால் அவர் கோபித்துக்கொண்டாலும் கொள்ளுவார், என்னை வெளியாளாக்கிவிட்டாயா என்று. எங்கள் காதுக்கு அது விழா முடிவில் நன்றியுரையில் வருகிற சொல்.

ஆனால் பழைய தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லுகிற சொல் அல்ல, ஒருவர் செய்த நன்மை. செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை. அதற்கு அடுத்த சொல்லாக வருவது ‘அறிதல்’. ஒருவர் எனக்கு என்ன செய்தார் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் மரத்தில் குறைந்தது இதுதான். ‘அப்பம்மாவுக்கு நன்றி’ என்று எழுதிய இலையில் அப்பம்மா செய்த ஒரு காரியமும் இல்லை. மாமி பேசாமல் இருந்ததும் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. அதில் அவருக்குப் பதில் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

மரத்தைக் குறை சொல்ல மாட்டேன். கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையும் அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமையும் வருகிற நன்றித் திருநாளை ஒட்டிப் பிள்ளைகள் செய்கிற வேலை அது. விளைச்சலுக்கு நன்றி சொல்லத் தொடங்கிய நாள், எங்கள் பொங்கலைப் போல. கிளையைத் தூக்கி எறியாதீர்கள். இலைகளை மட்டும் மாற்றுங்கள். ஒரே விதி: ‘நன்றி’ என்ற சொல்லை எழுதக் கூடாது. செய்த காரியத்தைத்தான் எழுத வேண்டும். ‘சூடை மீனில் முள்ளு எடுத்துத் தந்தா’ என்பது போல. இந்த விதியைச் சொன்னதும் பிள்ளைகள் பேனையை வாயில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். அந்த யோசனை நடக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற கைவேலை வேறு. வருடப் பிறப்புக்குக் கடைகளில் தருகிற, நாளுக்கொரு தாள் கிழிக்கிற கலண்டர் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் தாளின் பின்பக்கம்தான் கொப்பி.

2020 ஊரடங்கு நாட்களில் இதைக் கண்டுபிடித்தோம். கடைகள் பூட்டு. மகளுக்கு அப்போது எட்டு வயது. வரைவதற்குத் தாள் இல்லை, பிறிஸ்டல் போட் இல்லை. கிழித்த கலண்டர் தாள்களை அம்மா எப்போதும் போல அடுப்படி லாச்சிக்குள் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய தாளைக் கிழித்து, வீட்டில் யாராவது அன்று செய்த ஒரு காரியத்தைப் பின்பக்கம் எழுதச் சொன்னேன். பொழுது போவதற்காகச் சொன்னதுதான். திகதி முன்பக்கத்தில் அச்சாகியே இருக்கிறது, அதனால் நாள் பிசகாது.

மாவுக்குத் தட்டுப்பாடாக இருந்த ஒரு கிழமையில் மகள் எழுதிய தாளை இன்றும் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து, கீழே போகப் போகச் சரிந்துகொண்டு போகும். ‘அம்மம்மா கடைசிப் பிட்டை எனக்குத் தந்திட்டு தனக்குப் பசி இல்லை எண்டு சொன்னா. பொய்.’ நானும் அதே மேசையில்தான் இருந்தேன். எனக்கு அது தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அம்மா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு இருந்தார்.

நீங்கள் ஜனவரி முதலாம் திகதி தொடங்கினால் மாமி போகும்போது முப்பத்தொரு தாளாவது இருக்கும், அளவான புத்தகம். பின்பக்கம் அச்சில்லாத கலண்டராகப் பாருங்கள். தாள் மெல்லியதாக இருந்தால் பேனை ஊறும், பென்சில் நல்லது. மகன் எழுத அலுத்துக்கொண்டால் பொருளை மட்டும் வரையட்டும்: குடை, கரண்டி, அப்பம்மாவின் செருப்பு.

கட்டுவதற்குப் பசை வேண்டாம். கோதுமைமாப் பசை என்றால் கரப்பானுக்கு விருந்து. செலோடேப் கடற்காற்றில் ஒரு வருடத்தில் மஞ்சளாகிக் கழன்றுவிடும், வெள்ளவத்தையில் உங்களுக்குத் தெரியாததா? நூல்தான் நிற்கும். பால்மாப் பெட்டியின் அட்டையில் தாளின் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, மேலும் கீழும் வைத்து, உடுப்புக் கிளிப்பால் இறுக்குங்கள். இடது ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, நடுவில் ஒன்றும் மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளை. அடியில் பழைய இறப்பர் செருப்பை வைத்துச் சாக்கு ஊசியால் குத்தினால் மேசையும் தப்பும், ஊசியும் நேராக இறங்கும். குத்துவதைப் பெரியவர்கள் செய்யுங்கள். தையல் நூலை இரட்டையாக்கி மெழுகுதிரியில் இழுத்தால் சிக்காது. நடுத் துளையால் முன்னிருந்து பின்னே போய், மேல் துளையால் முன்னே வந்து, நடுவைத் தாண்டி நேரே கீழ்த் துளைக்குப் போங்கள். அதற்குள் நுழைந்து பின்னால் போய் மறுபடி நடுவால் முன்னே வாருங்கள். இப்போது நூலின் இரண்டு நுனியும் முன்பக்கத்தில் இருக்கும், நடுவால் போகிற நீள நூலுக்கு ஒரு பக்கம் ஒன்றாக. அதைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக வரும்.

கடையில் பெட்டியில் அடைத்து விற்கிற கைவேலைச் சாமான்களை வாங்காதீர்கள். எல்லாம் வெட்டி, துளை போட்டு, ஒட்டவேண்டிய இடத்தில் புள்ளியும் போட்டுத்தான் வருகிறது. பிள்ளை யாரையும் நினைக்காமலே செய்து முடித்துவிடலாம்.

இனி உங்கள் கணவரின் சிரிப்பு. அது வெட்கம், வேறொன்றும் இல்லை. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவியவர்களுக்கு ஆட்கள் கடிதம் எழுதி அனுப்பினார்கள். வாசிப்பவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். வாசித்தவர்களோ அவர்கள் நினைத்த அளவுக்குச் சங்கடப்படவில்லை, நினைத்ததைவிட அதிகம் சந்தோஷப்பட்டார்கள். எழுதுகிறவரின் கூச்சத்தால் நின்றுபோன கடிதங்கள் எத்தனை இருக்கும்!

என் அப்பாவுக்கு நான் ஒன்றும் எழுதியதில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஜனவரியும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு, அப்பா புறக்கோட்டைக் கடையிலிருந்து கொண்டுவந்த பிறவுண் பேப்பரை நிலத்தில் விரித்து, எங்கள் மூன்று பேருடைய புத்தகங்களுக்கும் உறை போடுவார். 1980இலிருந்து பாடப்புத்தகங்கள் இலவசம். அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்குப் போகிற புத்தகம் என்று அவற்றுக்கு இன்னும் கவனமாகப் போடுவார். மூலையை முதலில் முக்கோணமாக மடித்து, நகத்தால் அழுத்தி, பிறகுதான் உள்ளே செருகுவார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்தது, என்னிடமிருந்து மகளுக்கும் வந்தது.

அவருக்கு எழுபத்தைந்து வயதானபோது அவருடைய கிளினிக் கொப்பி வியர்வையும் மழையும் பட்டு மூலை மூலையாகப் பிரிந்துபோயிருந்தது. மகள் கேட்காமலே அதை எடுத்து உறை போட்டுக் கொடுத்தாள். அப்பா கொப்பியைத் திருப்பி, பெருவிரலை மூலை மடிப்பின் மேல் ஓடவிட்டுப் பார்த்தார். “மூலை வடிவா வந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டே கொண்டுபோனார்.

உங்கள் மாமிக்கும் கையில் ஏதாவது வேலை இருக்கும். தோரணம் மடிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு முந்திய நாட்களில் குருத்தோலை கிடைத்தால் வாங்கிவந்து பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். மங்கல காரியத்துக்கு மடிக்கிற தோரணம் வேறு, துக்க வீட்டுக்கு மடிக்கிறது வேறு. கொழும்பில் வளர்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை அவர் போனபின் யார் காட்டுவது? ஓலை மூன்று நாளில் காய்ந்துவிடும், பரவாயில்லை. அன்றைய கலண்டர் தாளில் எழுத அது இருக்கும்.

கணவரிடம் எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். துளை குத்துகிற வேலையை அவரிடம் கொடுங்கள். ஒரு தாளைக் கிழித்து மேசையில் பென்சிலோடு வெறுமையாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கலண்டர் இரண்டு கிடைத்தால் ஒன்றை மாமியின் பெட்டியில் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா