எங்கள் புளிக்கு இல்லாத கூரை

கேள்வி: இஸ்தான்புல் நகரத்து மசாலாச் சந்தைக்கு ‘எகிப்துச் சந்தை’ என்று ஏன் பெயர்? இன்று அது சுற்றுலாப் பயணிகளுக்கான கடைத்தெரு மட்டும்தானே?

கேள்வியின் இரண்டாம் பாதி என் மனத்தைத் தைத்ததால்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் மூன்று தலைமுறையாகப் புளி வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. நான் வரலாறு படித்தவன் அல்லன். அந்தச் சந்தையில் இரண்டு பிற்பகல்கள் மட்டுமே சுற்றியிருக்கிறேன். ஆனால் மூட்டையைத் தொட்டுப் பழகிய கைக்கு ஒரு சந்தையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

முதலில் பெயர். இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட உஸ்மானியப் பேரரசின் சுல்தான் மூன்றாம் மெஹ்மதின் தாயார் சஃபியே 1597-இல் தொடங்கிய பெரிய மசூதி, 1603-இல் மகன் இறந்ததும் பாதியில் நின்றுபோய், அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. நான்காம் மெஹ்மதின் தாயார் துர்ஹான் அதை 1660-களில் கட்டி முடித்தபோது, மசூதியின் பராமரிப்புக்கு வாடகை வருமானம் வேண்டும் என்பதற்காக அதே வளாகத்தில் எழுந்ததுதான் இந்தச் சந்தை. நம் ஊர்க் கோயில்களுக்குக் கடைவாடகை வருவதைப் போன்ற ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம். கட்டுமானச் செலவுக்கு, அப்போது அந்தப் பேரரசின் கீழிருந்த எகிப்து மாகாணத்தின் வரிப்பணம் பயன்பட்டதால் ‘மிஸிர் சார்ஷிசி’, அதாவது எகிப்துச் சந்தை, என்ற பெயர் நிலைத்தது. துருக்கியில் ‘மிஸிர்’ என்றால் மக்காச்சோளம் என்றும் பொருள் உண்டு என்பதால் சிலர் ‘சோளச் சந்தை’ என்று எழுதுகிறார்கள், அது தவறு. நம் பக்கத்து மிளகும் இஞ்சியும் செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி அந்த நகரத்துக்குப் போனதும் அந்தப் பெயருக்குப் பொருந்தித்தான் வருகிறது.

முன்வரிசைக் கடைகளில் இனிப்பும் தேயிலையும் பரிசுப் பொருள்களுமே நிறைந்திருக்கின்றன என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். மஞ்சள்தூளை ‘இந்தியக் குங்குமப்பூ’ என்று பெயரிட்டு வைத்திருந்ததைக் கண்டு எனக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் சற்று ஒதுங்கியிருந்த ஒரு கடையில் வயதான வியாபாரி ஒருவரிடம் நான் இந்தியன் என்று சொன்னதும், அவர் உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டுவந்து, “தெமிர்ஹிந்தி” என்றார். உள்ளே இருந்தது புளி. ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் ‘தமர் ஹிந்தி’ என்ற அரபுச் சொல்தான் அங்கே அப்படித் திரிந்திருக்கிறது; புளிமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றாலும், பெயர் நம்முடையது. அவர்கள் அதைச் சர்பத்தாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தேன். கருத்த பழம்புளி, நாரும் கொட்டையும் சரியாக நீக்கப்படாதது. ஆனால் கையில் ஈரம் ஒட்டவில்லை. அதைத்தான் நான் மறக்கவில்லை.

ஏனென்றால் நாங்கள் சரக்கு இறக்கும் களத்துக்கு இன்றுவரை கூரை கிடையாது. மாசி, பங்குனியில் புளி குவியும் நேரத்தில்தான் கோடை மழையும் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் காற்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போக, கொட்டை எடுத்த புளி நாற்பது மூட்டை என் கண் முன்னே நனைந்தது. புளி ஈரத்தை இழுத்துக்கொண்டால் நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போய்விடும். கூரை கேட்டு உரிய அலுவலகத்தில் என் தந்தையார் கொடுத்த மனுக்களின் நகல்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. எனக்கு அரசியல் நோக்கம் எதுவும் இல்லை. மூட்டையின் மேல் மழை விழுந்ததைத்தான் சொல்கிறேன்.

எகிப்துச் சந்தை 1691-இலும் 1940-இலும் தீப்பற்றியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைச் செப்பனிட்டார்கள். ‘ட’ எழுத்தைப் போல மடங்கிய இரண்டு நீண்ட கூடங்களின் கல், செங்கல் வளைவுகளுக்குக் கீழே இன்றும் வியாபாரம் நடக்கிறது. பயணிகள் கூடும் இடம் என்பதாலேயே அதைச் சந்தை அல்ல என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், விலைக்கு வாங்குவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள ஹஸர்ஜிலார் தெருவில் உள்ளூர்க்காரர்கள் வாங்குகிறார்கள். அதன் முனையில் 1871 முதல் இருக்கும் காப்பித்தூள் கடையின் வாசனை தெருவுக்கே வரும். உள்ளே போனதும் ஏதாவது ஒரு கடையில் தெமிர்ஹிந்தி கேட்டு, அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.