படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு மூளை ஸ்கேன் வேணுமா?

அக்கா, 9 வயது மகன் இரவில் சலம் விடுறார், வகுப்பிலும் கவனமில்லை, ஸ்கேன் எடுக்கவா எண்டு கேட்டிருந்தீங்கள். வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் இப்படிப் பிள்ளைகளின் முன்மூளைத் தொடர்புகளில் வித்தியாசம் தெரியுது உண்மைதான். ஆனா அது பல பிள்ளைகளின் சராசரி, ஒருவரின்ர படத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. புத்திக் குறைவும் இல்லை. பெரும்பாலும் சலப்பை நிறைஞ்ச சைகைக்கு மூளை விழிக்கிறதில்லை. கவனக்குறைவுப் பிரச்சினை மற்றப் பிள்ளைகளை விட இவர்களில் அதிகம். அதைத் தனியாக டொக்டரிட்டக் காட்டுங்கோ.

முதலில் இரண்டு நாள் பகல் சலத்தை அளந்து எழுதுங்கோ, காலையில் முதல் போறதை விட்டு. வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால் 300 மி.லீ., இந்த வயதில் சலப்பை கொள்ளவேண்டிய அளவு அது; ஒரு தடவையில் போன ஆகக் கூடின அளவே அதில் 65%ஐ, அதாவது 195ஐத் தாண்டாட்டி சலப்பை வயதுக்குச் சிறிசு. திருகோணமலை வெயிலில் பள்ளியில் குடிக்காமல் இருந்திட்டு பின்னேரம் மொத்தமாகக் குடிக்கிறதை மாத்துங்கோ. மலச்சிக்கல் இருந்தா முதலில் அதைத் தீருங்கோ, முட்டின குடல் சலப்பையை அமத்தும்.

ஈர அலாரம், அதாவது நனைஞ்ச உடனே சத்தம் போடுற கருவி, 2–3 மாதம் பாவிக்க வேணும். தொடக்கத்தில் சத்தத்துக்கு நீங்கள்தான் எழும்புவீங்கள், அவர் இல்லை. அவரை முழுசாக எழுப்பி கழிப்பறைக்கு நடக்கவிடுங்கோ. இதிலதான் பலர் கைவிடுறது. தொடர்ந்து 14 காய்ந்த இரவு வந்தால் நிப்பாட்டலாம்.

6 மாதம் காய்ந்திருந்து திடீரெண்டு தொடங்கினதோ, தாகமும் மெலிவும் சேர்ந்ததோ எண்டா, அண்டைக்கே இரத்தத்தில் சீனி பாருங்கோ.